உழைச்செல்வாள்: வீட்டுப் பண்டுவம் பற்றிச் சில வரலாற்றுக் குறிப்புகள்

1

அப்பத்தா செத்துப்போன அன்றைக்குத் துஷ்டி கேட்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். 'ஏழு வருஷம் கிடையாக் கிடந்த மனுஷிய குடும்பமே சேந்து தாங்குச்சுப்பா.' அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்கள். என்னிடமும் சொன்னார்கள். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். அந்த நேரத்தில் அம்மா கொல்லையில் அப்பத்தாவின் ரப்பர் ஷீட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். இனி அதைக் கழுவ வேண்டிய தேவை இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை. ஏழு வருஷத்துக் கைப்பழக்கம்.

அந்த வாக்கியம் பிறகு பல நாள் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இலக்கணப்படி அதில் குற்றம் காண முடியாது. எழுவாய் இருக்கிறது, பயனிலை இருக்கிறது. ஆனால் எழுவாய் பொய். அப்பத்தாவைத் தாங்கியது குடும்பம் அல்ல. அப்பா காலையில் மில்லுக்குப் போய்விட்டு ராத்திரி வந்து 'அம்மா சாப்டியா' என்று வாசற்படியில் நின்றே கேட்பார். அத்தைமார் இருவரும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்து அழுதுவிட்டுப் போவார்கள். நான் அப்போது எம்.ஏ. தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து அறையில் உட்கார்ந்து 'உடல் அரசியல்' பற்றிக் கட்டுரை எழுதினேன். சுவருக்கு அந்தப் பக்கம் ஓர் உடல் கிடந்தது. அதை ஒருத்தி புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

குடும்பம் என்ற சொல் எங்கெல்லாம் எழுவாயாக நிற்கிறதோ அங்கெல்லாம் அதன் முதுகுக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறாள் என்பது பெண்ணியப் பிரதிகளைப் படித்தவர்களுக்குப் புதிய செய்தி அல்ல. சில்வியா ஃபெதெரிச்சி 1975இல் வீட்டு வேலைக்குக் கூலி கேட்டு எழுதிய சிறு பிரசுரத்திலேயே, அன்பு என்று பெயர் சூட்டப்பட்டதற்குள் இருப்பது கூலியில்லா வேலை என்று சொல்லியாகிவிட்டது. நான் இங்கே கேட்க விரும்புவது கொஞ்சம் வேறு. நோய்க்கு வரலாறு இருக்கிறது. மருத்துவனுக்கும் மருந்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் இருக்கிறது. படுக்கையின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்கு என்ன இருக்கிறது? எந்தப் பதிவில் அவர் வருகிறார், எந்தப் பதிவில் காணாமல் போகிறார்? தமிழ் படித்தவன் என்பதால் சொற்களிலிருந்துதான் என்னால் தொடங்க முடியும்.

2

திருக்குறளில் மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புகளாகப் பிரிக்கிறது. நோயாளி, மருத்துவன், மருந்து. நான்காவதாக வருபவர் உழைச்செல்வான். சரக சம்ஹிதையிலும் இதே நான்கு கால்கள் உண்டு. நோயாளியின் பக்கத்தில் நிற்பவரை மருத்துவத்துக்கு வெளியே நிற்கும் துணை ஆளாக அல்லாமல், மருத்துவத்தின் ஓர் உறுப்பாகவே இந்த மரபு வைத்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும். நான்கில் ஒன்று இல்லாவிட்டால் வைத்தியம் இல்லை.

'உழை' என்றால் பக்கம், இடம். நன்னூல் இடப்பொருள் தரும் ஏழாம் வேற்றுமை உருபுகளை அடுக்கும்போது உழையையும் சேர்த்துச் சொல்கிறது. பக்கத்தில் நின்று செய்பவர் உழைச்செல்வான். இன்றைக்கு உழை என்றால் நமக்குப் பாடுபடுவது மட்டும்தான் ஞாபகம் வரும். வேர்ச்சொல் ஆராய்ச்சி எனக்கு இங்கே தேவையில்லை. பக்கத்தில் இருப்பதையும் பாடுபடுவதையும் ஒரே ஒலி சுமக்கிறது என்பது போதும். பண்டுவம் என்பது இந்த இரண்டும் சேர்ந்ததுதான்.

பரிமேலழகர் இந்த நான்கு பேருக்கும் தலைக்கு நான்கு இலக்கணம் சொல்கிறார். உழைச்செல்வானுக்கு அவர் சொல்பவை: நோயாளியிடம் அன்பு, மனம் மொழி மெய்த் தூய்மை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் வல்லமை, அறிவு. சரகர் சொல்வதும் ஏறத்தாழ இதுதான்: பணிவிடை செய்யத் தெரிந்திருத்தல், கைத்திறன், பற்று, தூய்மை. அன்பும் அறிவும் இங்கே ஒரே வரிசையில் இருக்கின்றன. பண்டுவம் பார்ப்பவருக்கு அன்பு இருந்தால் போதும் என்று உரையாசிரியர் நினைக்கவில்லை. அவருக்கு ஏதோ தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். பின்னால் வந்த நூற்றாண்டுகளில் இந்தப் பட்டியலிலிருந்து அறிவு கழன்று போயிற்று, அன்பு மட்டும் மிஞ்சியது. கழன்றது தற்செயல் அல்ல என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

இன்னொன்று. அந்தச் சொல்லின் விகுதி ஆண்பால். ஆனால் அதற்கு முந்தைய சங்கப் பாட்டில் காயம்பட்டவனின் பக்கத்தில் நிற்பது பெண். அரிசில்கிழார் பாடிய புறநானூறு 281ஆம் பாட்டில் ஒரு பெண் தன் தோழியைக் கூப்பிடுகிறாள். வீட்டில் இரவமும் வேம்பும் செருகுகிறார்கள், ஐயவி தூவுகிறார்கள், யாழும் மணியும் ஆம்பற்குழலும் ஒலிக்கின்றன, நறும்புகை போடுகிறார்கள், காஞ்சி பாடுகிறார்கள். வா, புண்பட்டவனைக் காப்போம் என்பது அழைப்பு. வீட்டுப் பண்டுவம் என்பதற்கு நம்மிடம் உள்ள மிகப் பழைய காட்சிகளில் ஒன்று இது. பேசுகிறவள் தன்மையில் பேசுகிறாள், தான் செய்வதை இன்னதென்று வரிசையாகச் சொல்கிறாள். பார்ப்பவரே பேசும் பிரதி.

அதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. தொல்காப்பியப் புறத்திணையியலில், புண்பட்ட கணவனைப் பேய் தீண்டாமல் மனைவி காப்பதற்குத் தொடாக்காஞ்சி என்று தனித் துறையே உண்டு. ஆனால் அது போர்ப்புண். வயதாகிப் படுத்தவருக்குப் பக்கத்தில் உட்காருவதற்குத் துறை கிடையாது. புறநானூற்றிலேயே முதுமையைப் பாடிய தொடித்தலை விழுத்தண்டினார் இருக்கிறார். ஊன்றிய தடியே அவருக்குப் பெயராகிவிட்டது. இருமலுக்கு இடையில் சில சொல் பேசும் கிழவனாக, ஆற்று மடுவில் குதித்து மணல் அள்ளி வந்த இளமையை நினைக்கிறார். அந்தக் கிழவருக்குச் சோறு ஊட்டியது யார் என்று பாட்டு சொல்லாது. தடிக்குக் கிடைத்த இடம் கைக்குக் கிடைக்கவில்லை.

3

அடுத்து நமக்குக் கிடைப்பது கல்வெட்டு. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், 11ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்று ஓர் ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. 15 படுக்கை. வேதம் படித்த மாணவர்களுக்கும் கோயில் பணியாளர்களுக்கும் ஆனது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர ஆட்கள், நாவிதர், தண்ணீர் எடுப்பவர், இவர்களோடு நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். எல்லோருக்கும் நெல்லாகவும் காசாகவும் ஊதியம் குறிக்கப்பட்டிருக்கிறது. பண்டுவம் பார்க்கும் பெண்ணுக்குக் கூலி உண்டு என்று கல்லில் எழுதியிருக்கிறார்கள். மருத்துவரின் பெயரும் இருக்கிறது. பெண்களுக்குப் பெயர் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான்.

பதினைந்து படுக்கைக்கு வெளியே, ஊர் முழுக்கக் கிடந்தவர்களை யார் பார்த்தார்கள் என்பதற்குக் கல்வெட்டு வேண்டியதில்லை. கோயில் கணக்கில் வந்த வேலை கூலியோடு பதிவானது. வீட்டுக்குள் நடந்த அதே வேலை பதிவாகவில்லை. இந்தப் பிளவுதான் பின்னால் பெரிதாகிறது.

ஆங்கிலேயர் காலத்தில் பிளவு நிறுவனமாகிறது. புனித ஜார்ஜ் கோட்டைக்குள் 1664இல் தொடங்கிய ஆஸ்பத்திரி கம்பெனிச் சிப்பாய்களுக்கானது. அதன் வழிவந்த சென்னைப் பொது மருத்துவமனையில் 1871இல் தாதிப் பயிற்சி தொடங்குகிறது. வேலூரில் ஐடா ஸ்கடர் 1900இல் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனையில் 1909இல் தாதியர் பள்ளி வருகிறது. சென்னை மாகாணத் தாதியர், மருத்துவச்சியர் சட்டம் 1926இல் வருகிறது. 1947இல் இந்தியத் தாதியர் மன்றச் சட்டம். இனி யார் நர்ஸ், யார் நர்ஸ் இல்லை என்பதைப் பதிவேடு சொல்லும். அன்னிய உடம்பைத் தொடுவது, மலம் மூத்திரம் எடுப்பது தீட்டு என்று சாதி இந்துக் குடும்பங்கள் பெண்களை அனுப்பத் தயங்கிய இடத்தில் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் கிறித்துவப் பெண்களும் அந்தப் படிப்புக்குள் போனார்கள். அவர்களுக்குச் சம்பளமும் சீருடையும் கிடைத்தன, கூடவே ஓர் இளக்காரமும் கிடைத்தது.

இதே காலத்தில் இங்கிலாந்தில் நடந்த ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். லிவர்பூலில் வில்லியம் ராத்போன் என்ற வணிகர், சாகக் கிடந்த தன் மனைவியை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள மேரி ராபின்சன் என்ற தாதியைச் சம்பளத்துக்கு அமர்த்துகிறார். மனைவி இறந்த பிறகு, 1859இல், அதே தாதியை நகரத்து ஏழைகளின் வீடுகளுக்கு அனுப்புகிறார். வீடு வீடாகப் போய்ப் பண்டுவம் பார்க்கும் தாதி என்ற தொழிலின் தொடக்கமாக இதைச் சொல்வார்கள். அதே ஆண்டு முடிவில் வெளிவந்த புத்தகத்தில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல், ஒவ்வொரு பெண்ணும் வாழ்க்கையில் எப்போதாவது தாதியாகத்தான் செய்கிறாள் என்ற இடத்திலிருந்து தொடங்குகிறார். வீட்டுப் பெண்ணுக்கும் அறிவு வேண்டும் என்பது அவர் தரப்பு. ஆனால் அதே வாக்கு இன்னொரு காரியத்தையும் செய்துவிடுகிறது. ஒவ்வொரு பெண்ணும் என்று சொன்னவுடன் அது பெண்ணின் சுபாவமாகிவிடுகிறது. சுபாவத்துக்கு யாரும் கூலி தர மாட்டார்கள், பயிற்சியும் தர மாட்டார்கள்.

ஆக, அறிவு ஆஸ்பத்திரிக்குப் போயிற்று, அன்பு வீட்டில் தங்கிற்று. மிஷேல் ஃபூக்கோ 1963இல் எழுதிய மருத்துவமனையின் பிறப்பு பற்றிய நூலில் மருத்துவப் பார்வை என்பதைப் பேசுகிறார். உடம்பைத் திறந்து, நோயை இடம் சுட்டி, பெயர் சூட்டும் பார்வை. அதிகாரம் உள்ள பார்வை. தமிழில் 'பார்' என்ற வினை இதைவிடச் சுவாரசியமானது. டாக்டர் நோயாளியைப் 'பார்க்கிறார்', அம்மா 'பார்த்துக்கொள்கிறாள்'. டாக்டர் பார்ப்பது அஞ்சு நிமிஷம், ஃபீஸ் உண்டு. பார்த்துக்கொள்வதற்கு நேரக் கணக்கு கிடையாது. ஒரு துணைவினை சேர்ந்தவுடன் பார்வையிலிருந்த அதிகாரம் எல்லாம் வடிந்து கடமையாகிவிடுகிறது.

4

அப்பத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது 2009இல். இடது கை, இடது கால் போயிற்று. பேச்சு குழறினாலும் இருந்தது. பதினெட்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே கடைசி வரி: வீட்டில் நன்றாகப் பார்த்துக்கொள்ளவும். யார், எப்படி என்பது அதில் இல்லை. எழுவாய் இல்லாத வாக்கியம். ஆனால் அது யாருக்கு எழுதப்பட்டது என்பதில் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

அம்மா எட்டாவது வரை படித்தவள். அந்த ஏழு வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டதை நான் இப்போது பட்டியல் போட முயல்கிறேன். ரெண்டு மணிக்கு ஒருதரம் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியிலும்தான். இல்லையென்றால் இடுப்புக்குக் கீழேயும் குதிகாலிலும் தோல் சிவக்கும், சிவந்தது கறுக்கும், கறுத்தது புண்ணாகும். படுத்த வாக்கில் சோறு கொடுக்கக் கூடாது, நிமிர்த்தி உட்கார்த்தித்தான் கொடுக்க வேண்டும். தண்ணீர் புரையேறும், கொழகொழவென்ற கஞ்சி ஏறாது. இதை யாரும் சொல்லித் தரவில்லை, ஒருநாள் அப்பத்தா மூச்சுத் திணறிய பிறகு அவளே கண்டுபிடித்தாள். மூத்திரத்தின் நிறத்தை வைத்துத் தண்ணீர் போதுமா என்று சொல்வாள். புண் ஆறுகிறதா, உள்ளே போகிறதா என்பதை வாடையை வைத்தே சொல்வாள். பிடிவாதம் எது, வலி எது என்று குரலில் பிரிப்பாள். இதெல்லாம் பரிமேலழகர் சொன்ன அறிவுடைமை இல்லாமல் வேறென்ன? ஏழு வருஷத்தில் பெரிய படுக்கைப்புண் வந்தது ஒரே ஒரு தடவை. அம்மா டைபாய்டில் படுத்த பத்து நாளில் வந்தது அது. அந்தப் பத்து நாள் 'குடும்பம்' பார்த்துக்கொண்டது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஆள் வந்தபோது நான் வீட்டில் இருந்தேன். அம்மாவைப் பற்றிக் கேட்டதற்கு அப்பா 'வீட்லதான் இருக்கா' என்றார். வீட்டுக் கடமைகள் செய்பவர் என்று குறித்துக்கொண்டார்கள். அந்தக் கணக்கின் பாகுபாட்டில் அதற்கு அர்த்தம், வேலை செய்யாதவர். உள்ளேயிருந்து அம்மா 'கொஞ்சம் இந்தப் பக்கம் பிடிங்க' என்று குரல் கொடுத்தாள். யாரும் போகவில்லை. நானும் போகவில்லை.

நாலாவது வருஷம் அம்மாவுக்கு முதுகு போய்விட்டது. பகலுக்கு ஓர் ஆள் வைத்தோம். பக்கத்துக் காலனியிலிருந்து வந்தார், நாற்பது வயதிருக்கும். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அப்பத்தா பேர் சொல்லி, அல்லது 'ஏய்' என்று கூப்பிடுவாள். முதல் நாளே அப்பத்தா குழறிக் குழறிக் கேட்டது 'நீ யாரு மக்க' என்பதுதான். பதில் தெரிந்த பிறகு ஒரு ஏற்பாடு உருவானது. மலத்தை அந்த அக்கா எடுக்கலாம், குளிப்பாட்டலாம், புண்ணைத் துடைக்கலாம். ஆனால் தண்ணீர் டம்ளரை வாயில் வைக்கக் கூடாது. அதற்கு அம்மா அடுப்படியிலிருந்து வர வேண்டும். செயலிழந்த உடம்பு தன் சாதியை இழக்கவில்லை. அது எந்தக் கையை எந்த உறுப்பில் அனுமதிப்பது என்று கடைசிவரை கணக்கு வைத்திருந்தது. அம்மா அந்தக் கணக்கை எதிர்க்கவில்லை. நான் வெளியே மேடைகளில் சாதி ஒழிப்பு பேசிக்கொண்டிருந்தேன், வீட்டில் இதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். அதைத் தவிர இதில் எனக்குப் பெருமைப்பட ஒன்றும் இல்லை.

அந்த அக்காவின் வீட்டில் அவருடைய அம்மா கண் தெரியாமல் இருந்தார். பகலில் அவரைப் பார்த்துக்கொண்டது அக்காவின் மகள், பன்னிரண்டு வயது. ஆர்லி ஹோக்ஷீல்ட் 2000இல் பராமரிப்புச் சங்கிலி என்று ஒன்றைப் பற்றி எழுதினார். பணக்கார நாட்டு வீட்டில் குழந்தை வளர்க்கப் போகும் பெண், தன் குழந்தையை ஊரில் இன்னொரு பெண்ணிடம் விட்டுவிட்டுப் போகிறாள். எங்கள் தெருவிலிருந்து காலனிக்கு இரண்டு ஃபர்லாங். கடல் கடக்க வேண்டியதில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் பள்ளிக்கூடம் போகாத ஒரு சிறுமி உட்கார்ந்திருந்தாள். எங்கள் வீட்டுப் பெருமைக்கு அவளும் கூலி கொடுத்தாள்.

5

சட்டம் இதில் யாரைப் பார்க்கிறது? 1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் ஜீவனாம்ச உரிமையை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் மட்டுமே தந்தது. பெற்றோர் அதில் இல்லை. 1956ஆம் ஆண்டு இந்துத் தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் வயதான, இயலாத பெற்றோரைச் சேர்த்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவில் எல்லா மதத்துப் பெற்றோரும் வந்தார்கள். 2024 ஜூலையிலிருந்து அந்தச் சட்டத்தின் இடத்தில் புதிய சட்டம் வந்தபோதும் இந்த உரிமை தொடர்கிறது. அரசின் பங்கு என்று பார்த்தால், 1962இல் சென்னை மாநிலம் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் தரத் தொடங்கியது. மத்திய அரசு 1995இல் 75 ரூபாயோடு வந்தது. இரண்டுமே ஆதரவற்றவருக்கு. குடும்பம் இருந்தால் ஆதரவு இருக்கிறது என்பது அதன் தர்க்கம்.

2007இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் வந்தது. மாதம் 10,000 ரூபாய்க்கு மிகாமல் பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிடலாம். கைவிட்டால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இந்தச் சட்டம் தேவைதான். தெருவில் விடப்பட்ட கிழவிகளை நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதன் சொல்லாடலைக் கவனியுங்கள். பராமரிப்பு என்றால் உணவு, உடை, உறைவிடம், மருத்துவக் கவனிப்பும் சிகிச்சையும் என்று வரையறுக்கிறது. 'பிள்ளைகள்' என்றால் மகன், மகள், பேரன், பேத்தி. உணவைச் சமைத்து ஊட்டி, உடையை மாற்றித் துவைக்கும் மருமகள் இந்த வரையறையில் இல்லை. அவளையும் மருமகனையும் சேர்க்க 2019இல் ஒரு திருத்த மசோதா கொண்டுவந்தார்கள். அது நிறைவேறவில்லை. நிறைவேறியிருந்தாலும் கடமைப்பட்டவள் என்ற பட்டியலில்தான் வந்திருப்பாள்.

மருமகள் இந்தச் சட்டத்தின் கதைக்குள் வேறு வழியாக வந்தாள். மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி மருமகளை வீட்டைவிட்டு வெளியேற்றக் கேட்ட ஒரு கர்நாடக வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் அவளுக்குத் தரும் குடியிருப்பு உரிமையை இந்தச் சட்டத்தின் சுருக்க விசாரணையால் அடித்துவிட முடியாது என்று 2020 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்பு. ஆனாலும் ஒன்று தெரிகிறது. செய்யும்போது அவள் பதிவில் இல்லை, வெளியேற்றும்போதுதான் பெயர் வருகிறது.

தலைக்கூத்தல் பற்றிய பேச்சிலும் இதைத்தான் பார்த்தேன். 2010இல் எங்கள் விருதுநகர் மாவட்டத்திலிருந்து அந்தச் செய்திகள் வெளியே போனபோது நாடே அதிர்ந்தது. படுத்த படுக்கையான முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிச் சாவை வரவழைப்பது கொலை. அதற்குச் சமாதானம் சொல்ல நான் வரவில்லை. பிரியா கிருஷ்ணசுவாமி இதை வைத்து எடுத்த 'பாரம்' என்ற படம் தேசிய விருது பெற்றது. ஆனால் செய்திகளை ஒட்டி வந்த பெருவாரியான பேச்சு இரண்டே இரண்டு பாத்திரங்களோடு முடிந்தது. கல்நெஞ்சக்காரப் பிள்ளை, பாவப்பட்ட கிழவி. அந்த நாளுக்கு முந்தைய மாதங்களை, வருஷங்களை யாரும் கேட்கவில்லை. தினக்கூலி வீட்டில் ஒரு பெண் வேலைக்குப் போனால் படுத்திருப்பவருக்குத் தண்ணீர் இல்லை, போகாவிட்டால் யாருக்கும் சோறு இல்லை என்ற நிலையில் அரசு எங்கே நின்றது, ஆரம்ப சுகாதார நிலையம் எங்கே நின்றது, அண்ணன் தம்பிகள் எங்கே நின்றார்கள் என்று கேட்டால் குற்றவாளிகளின் பட்டியல் நீளும். குடும்பத்தைக் கோயில் என்று கொண்டாடுவதும், அதே குடும்பத்தைக் கொலைக்களம் என்று காறித் துப்புவதும் ஒரே காரியத்தைச் செய்கின்றன. இரண்டும் கேள்வியை வீட்டு வாசலுக்கு உள்ளேயே நிறுத்திவிடுகின்றன.

6

வாசலைத் தாண்டிய முயற்சிகள் இருக்கின்றன. கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய வலி, நோய்த்தணிப்புச் சங்கத்தின் அனுபவத்திலிருந்து, அக்கம்பக்கத்தவரே குழுவாகி வீடு தேடிப் போய்ப் பார்க்கும் முறை மலபாரில் வளர்ந்தது. கேரள அரசு 2008இல் அதைக் கொள்கையாக ஏற்று உள்ளாட்சிகளோடு இணைத்தது. படுத்திருப்பவர் பஞ்சாயத்தின் பொறுப்பும்தான் என்பது சின்ன விஷயம் இல்லை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கு வருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் வீட்டுக்கு வரும் என்பது திட்டம். அப்பத்தா காலத்தில் இது இருந்திருந்தால் அந்தக் கஞ்சி விஷயத்தை மூச்சுத் திணறாமலே அம்மாவுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடும்.

ஆனால் இங்கேயும் சொல் நம்மைக் காட்டிக்கொடுக்கிறது. வீடு வீடாகப் போகும் பெண்ணுக்குத் திட்டம் வைத்திருக்கும் பெயர் தன்னார்வலர். அவர் பெறுவது சம்பளம் அல்ல, ஊக்கத்தொகை. திருமுக்கூடல் கல்வெட்டில் நெல்லும் காசும் கூலியாகத்தான் குறிக்கப்பட்டிருக்கின்றன. யாரும் அதை ஊக்கம் என்று எழுதவில்லை. வீட்டுக்குள் அன்பு என்றும் வீதியில் தன்னார்வம் என்றும் பெயர் மாறுகிறது. வேலை என்ற பெயர் மட்டும் வருவதில்லை.

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டில் உள்ளவர்களுக்குக் கூலியில்லாப் பராமரிப்பு செய்ததாகப் பதிவானவர்கள் பெண்களில் 27.6 சதவீதம், ஆண்களில் 14 சதவீதம். செய்தவர்கள் ஒரு நாளில் செலவிட்ட சராசரி, பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். குழந்தைகளைப் பார்ப்பதும் இதில் சேரும். என் கண் நின்றது அந்த 14இல். நூற்றுக்கு எண்பத்தாறு ஆண்களுக்கு அந்த நாளில் ஒரு நிமிஷம்கூட இல்லை. 2009 முதல் 2016 வரை என்னை யாராவது கணக்கெடுத்திருந்தால் அந்த எண்பத்தாறில்தான் நான் இருந்திருப்பேன். என் மேசை மீது ஃபூக்கோ இருந்தார்.

ஆகவே இது ஆராய்ச்சிக்கான கேள்வி மட்டும் இல்லை. உழைச்செல்வாளுக்கு வரலாறு எழுதுவது என்றால் அவளைத் தியாகி ஆக்குவது என்று அர்த்தமில்லை. தியாகம் என்பதும் அன்பின் இன்னொரு பெயர்தான், அதற்கும் கூலி கிடையாது. நாம் செய்ய வேண்டியது அவளிடமிருந்து கழன்று போன அறிவை அவள் பெயரில் திரும்ப எழுதுவது. அந்த வேலையைச் சாதியிடமிருந்தும் பால் விகுதியிடமிருந்தும் பிரித்தெடுப்பது. கூலி, ஓய்வு, மாற்று ஆள் என்ற சொற்களைப் பண்டுவத்தின் பேச்சுக்குள் கொண்டுவருவது. அந்தக் காலனி அக்காவுக்கும் அதில் பங்கு இல்லையென்றால் இது இன்னொரு வீட்டுப் பெருமையாக முடிந்துவிடும்.

அம்மாவுக்கு இப்போது அறுபத்திமூன்று. மூட்டு வலி, சர்க்கரை. போன மாதம் அவளிடம் கேட்டேன், ஆளைப் புரட்டிப் போடுவது எப்படி என்று. 'இதுல படிக்க என்னடா இருக்கு' என்றாள். நான் விடவில்லை. கட்டிலில் படுத்துக் காட்டச் சொன்னேன். முழங்காலை மடக்கு, ஒரு கை தோள்ல, ஒரு கை இடுப்புல, இழுக்காதே, உருட்டு என்றாள். மூன்று தடவை தப்பாகச் செய்தேன். நாலாவது தடவை, 'உங்கப்பாவையும் கூப்பிடு, அவரும் கத்துக்கட்டும்' என்றாள். அப்பா வாசற்படியில் நின்றார். உள்ளே வர ரொம்ப நேரம் ஆயிற்று. ஆனால் வந்தார்.